வெறும் பக்கமும் பதினைந்து கட்டிலும்

என் அண்ணன் பதினொரு வருஷம் ஹாக்கி ஆடினார் என்று நான் யாரிடமாவது சொன்னால், அண்ணி அடுப்படியிலிருந்தே திருத்துவார். "ஆடலை. உக்காந்திருந்தாரு." இரண்டும் உண்மைதான். எங்கள் ஊர் கிளப்பின் ஆண்கள் அணியில் அவர் இரண்டாம் கோல் கீப்பர். முதல் கீப்பருக்கு ஏதாவது ஆனால் இறங்க வேண்டிய ஆள். அந்த முதல் கீப்பரோ கருங்கல்லில் செதுக்கின மாதிரி மனுஷர், தும்மல்கூட வராது. அண்ணன் கால் இரண்டிலும் தலையணை தண்டிக்குக் காப்பு, நெஞ்சுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, தலையில் ஹெல்மெட் என்று எல்லாம் மாட்டிக்கொண்டு கொளுத்தும் வெயிலில் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடியும்போது ஆடினவர்களைவிட அவர்தான் அதிகம் நனைந்திருப்பார்.

பதினொரு வருஷத்தில் அவர் களத்துக்குள் நின்றது மொத்தம் இருபத்தாறு நிமிடம். அதை அவர் மறைத்ததே இல்லை. யார் கேட்டாலும் இருபத்தாறு நிமிடம், ஒன்பது தடுத்தேன், இரண்டு விட்டேன் என்று பால்காரர் கணக்குச் சொல்வதுபோல் சொல்லிவிடுவார். பெண் பார்க்க வந்தபோதும் அதைத்தான் சொன்னாராம். பொய் சொல்லத் தெரியாத ஆள், கட்டிக்கொண்டால் சாப்பாட்டுக்குக் கஷ்டம் வந்தாலும் சந்தேகத்துக்குக் கஷ்டம் வராது என்று நினைத்து அண்ணி தலையாட்டினாராம். அண்ணி இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்தப் பெஞ்சு அவருக்கு ஒரு கண்ணைக் கொடுத்தது. எனக்கு விளையாட்டு தெரியாது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது, தையல் மெஷினோடுதான் மிச்ச வாழ்க்கை. அண்ணன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கோல் கீப்பருக்கு ஒரு பயம் உண்டாம். தன் பக்கத்து ஆள் எவராவது பந்தைப் பறிகொடுத்தால், அடுத்த அடி தன்மேல்தான் வந்து விழும். அதனால் அவர் பறிகொடுத்தவரைத்தான் பார்ப்பார், பந்தை அல்ல. அந்த ஆள் பதறித் திரும்பி ஓடி வருகிறாரா, அல்லது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்க்கிறாரா? அண்ணன் பெஞ்சிலிருந்தபடியே, "அவன் வரமாட்டான் பாருங்க" என்று முணுமுணுப்பார். வரமாட்டான். கோல் விழும். இரண்டு மூன்று வருஷம் இப்படி நடந்த பிறகு, பயிற்சியாளர் தானே வந்து இவரிடம் கேட்க ஆரம்பித்தார்.

அப்படித்தான் விளையாட்டை விட்ட பிறகும் கிளப் அவரை விடவில்லை. பெண்கள் அணிக்கு இளம் ஆட்டக்காரிகளை வரிசைப்படுத்தும் வேலையைக் கொடுத்தார்கள். கடவுள் ஒருவரை உட்கார வைத்தால் சும்மா உட்கார வைக்கமாட்டார் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். ஒவ்வொரு வருஷமும் பதினேழிலிருந்து இருபது வயதுக்குள் இருபத்திரண்டு பெண்களைத் தேர்வுக்கு அழைப்பார்கள். மூன்று மாதம், பதினோரு ஆட்டம். அதுவரை கிளப் கட்டடத்து மாடி ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். கடைசியில் அண்ணன் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வரிசை போடுவார். முதல் பதினைந்து பேருக்கு விடுதியில் இடம், இரண்டு வருஷம் பயிற்சி, பெரிய அணிக்குப் போகும் வழி. மீதி ஏழு பேர் பையைக் கட்ட வேண்டியதுதான். பதினைந்து என்ன கணக்கு என்று நான் முதல் வருஷமே கேட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. விடுதியில் ஐந்து அறை, அறைக்கு மூன்று கட்டில்.

ஸ்டிக் வேலைக்குப் பத்து, உடம்பு பலத்துக்குப் பத்து என்று பயிற்சியாளர் மதிப்பெண் தந்துவிடுவார். மூன்றாவது அண்ணனுடைய சொந்தச் சரக்கு. அதற்கு ஓட்டக்குறி என்று பெயர் வைத்திருந்தார். ஒரு நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பந்தைப் பறிகொடுத்தவள், ஐந்து எண்ணுவதற்குள் திரும்பி ஓட ஆரம்பித்தால் ஒரு சரி, நின்றால் ஒரு தப்பு. சரியில் தப்பைக் கழித்தால் ஓட்டக்குறி. இதற்கு மட்டும் உச்சவரம்பு கிடையாது. ஒன்பது வருஷம் இப்படித்தான் போட்டார். அவர் மேலே வைத்த பெண்கள் பெரும்பாலும் மேலேதான் போனார்கள். ஊரில் அவர் பட்டியல் என்றால் ஒரு மதிப்பு இருந்தது. சலூனில் அவருக்காக நாற்காலி காலி செய்வார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தலையில் வெட்டுவதற்கு முடிதான் அதிகம் இல்லை.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டு ஓடிவிடமாட்டார். ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, எதிரே உட்கார்ந்து, அவள் எத்தனையாவது என்று தன் வாயால் சொல்வார். இருபத்திரண்டாவது பெண்ணிலிருந்து ஆரம்பிப்பார். கெட்ட செய்தியைக் காக்க வைக்கக் கூடாது என்பார். மாடி ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அழுகிற பெண்ணோடு ஆண்பிள்ளை தனியாக இருப்பது அழகில்லை என்று என்னையும் கூட்டிப் போவார். நான் மூலையில் ஒரு ஸ்டூலில், தண்ணீர் ஜக்கும் துவைத்து மடித்த துண்டுகளுமாக இருப்பேன். அந்த மூன்று மாதமும் காலையில் கும்பிடும்போது இருபத்திரண்டு பேருக்காகவும் வேண்டிக்கொள்வேன். கீழேயிருந்து மேலேதான் வேண்டுவேன். மேலே இருப்பவர்களுக்கு வேண்டிக்கொள்ள ஊரே இருக்கும்.

போன வருஷம் வந்த இருபத்திரண்டில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருத்தியைப் பட்டாசு என்பார்கள். முன்வரிசைக்காரி. பந்து கிடைத்தால் எதிரே பத்துப் பேர் நின்றாலும் பத்துப் பேரையும் ஏமாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன் என்று கிளம்புவாள். மூன்றாவது ஆளிடம் பந்து போய்விடும். போன அடுத்த நொடி வீடு தீப்பிடித்த மாதிரி திரும்பி ஓடி வருவாள். அதைப் பார்க்கும்போது அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கீப்பருக்கு அப்படி ஒரு பெண் முன்னால் இருந்தால் சாமி துணை இருக்கிற மாதிரியாம்.

இன்னொருத்தி பூனை. நடு ஆட்டக்காரி. அவள் வருவதும் தெரியாது போவதும் தெரியாது. ஹாலில் அவள் பாய் எது என்று அவள் தோழிகளுக்கே நிச்சயமாகத் தெரியாது. நான் அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தபோது, நன்றிம்மா என்று சொன்ன சத்தம், அவள் படியிறங்கிப் போன பிறகுதான் என் காதில் விழுந்தது.

பட்டியல் போட்ட அன்றைக்கு, வழக்கம்போல நான் நோட்டைப் பார்த்து வாசிக்க, அண்ணன் கூட்டி எழுதினார். சரி இத்தனை, தப்பு இத்தனை என்று சொல்ல என் படிப்பு போதும். பட்டாசு பக்கத்தில் பதினெட்டுச் சரி, இரண்டு தப்பு. பூனை பக்கத்தைத் திருப்பினேன். மேலே பெயர் மட்டும் இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையேண்ணா."

"ஒண்ணுமே பண்ணலேன்னா அப்படித்தான் இருக்கும். சுழி போட்டுக்க."

நானும் சுழி என்று சொன்னேன், அவரும் எழுதினார். இரண்டு பேரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. கூட்டிப் பார்த்ததில் பட்டாசு பதினைந்தாவது, பூனை பதினெட்டாவது.

திங்கட்கிழமை காலை செய்தி சொல்லும் நாள். இருபத்திரண்டு வந்தாள், அழுதாள், துண்டு வாங்கிக்கொண்டாள். இருபத்தொன்று அழவில்லை, எனக்கு இந்த ஊர்ச் சாப்பாடே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்தாவதாகப் பூனை வந்தாள். அண்ணன் பதினெட்டு என்றார், வழக்கமான நல்ல வார்த்தைகளைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். எழுந்திருப்பாள் என்று நான் துண்டை எடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"சரி சார். நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. வேற எங்கயாவது போனா திருத்திக்கறேன்."

நியாயமான கேள்வி. அண்ணன் எப்போதும் எதிர்பார்க்கிற கேள்வியும்கூட. எத்தனையாவது ஆட்டத்தில், எந்த இடத்தில் நின்றுவிட்டாள் என்று காட்டத்தான் நோட்டைக் கையில் வைத்திருப்பார். அவள் பக்கத்தைத் திருப்பினார். முன்னால் ஒரு பக்கம் பார்த்தார். பின்னால் ஒரு பக்கம் பார்த்தார். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் கீறிக்கூடப் பார்த்தார். தப்பு இல்லை. சரியும் இல்லை. பந்தை ஒரு தடவையாவது பறிகொடுத்தால்தானே இரண்டில் ஒன்று விழும்?

என் அண்ணன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு கோலை விட்ட அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டவர். அவளிடம், கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா, ஒரு வாரம் பையைக் கட்டாதே என்று மட்டும் சொன்னார். மற்றவர்களுக்குச் சொல்லி முடித்தார். பதினைந்து என்று கேட்டதும் பட்டாசு நாற்காலியோடு சேர்த்துத் துள்ளினாள். ஒரு கால் விரிந்துபோன அந்த நாற்காலி இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

மத்தியானம் சோற்றை அளைந்துகொண்டே அண்ணன் அண்ணியிடம் சொன்னார். அண்ணி பாதியிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"ஒழுகற குழாயைத்தான் எல்லாரும் பாப்பாங்க. ஒழுகாத குழாயை யாரு பாக்கறா? இந்த வீட்டுல நான் இருக்கறது என்னிக்காவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கா?"

அண்ணன் போய்ப் பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினார். ஒன்பது வருஷத்து நோட்டு. ஒவ்வொன்றாகப் புரட்டி வெறும் பக்கம் தேடினார். மூன்று கிடைத்தது. இரண்டு பேர் இப்போது எங்கே என்று தெரியாது. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியின் நடு ஆட்டக்காரி அவள். நாலு வருஷமாக எங்கள் அணியைப் போட்டுப் பிழிகிறவள். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும், இவள் இங்கே இருந்தபோது ஒன்றுமே செய்யவில்லையே, அங்கே போய் என்ன மருந்து சாப்பிட்டாளோ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் என் அண்ணன்தான்.

செவ்வாயும் புதனும் கிளப் அறையில் பதினோரு ஆட்டத்தின் வீடியோப் பதிவையும் போட்டு உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன். பூனையிடம் பந்து வரும்போதெல்லாம் ஒரு பட்டாணியை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்தில் போடுவது என் வேலை. பந்து அவளிடம் வரும். அவள் ஒரு தட்டு தட்டுவாள், போய்விடும், சரியான ஆளிடம். அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமே இல்லை. இருநூற்றுப் பதினாலு பட்டாணி. அதில் பறிகொடுத்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அண்ணன் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் திரும்ப வாங்கிவிட்டிருக்கிறாள். பிறகு என்னத்தை எழுதுவது?

"தங்கச்சி, இந்தப் பொண்ணு முன்னால ஆடினா கீப்பருக்கு வேலையே இல்ல. வேலை இல்லாததால நான் பாக்கவே இல்ல" என்றார்.

மற்ற எல்லோரையும் அதே மாதிரி எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் ஒன்றிரண்டு படி ஏறி இறங்கியதோடு சரி. பட்டாசு ஒருத்திக்குத்தான் நிற்க இடமில்லாமல் போனது. மற்ற இரண்டு மதிப்பெண்ணும் அவளுக்குக் குறைவு. ஓட்டக்குறி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பதினைந்தில் தொங்கினாள். அவளிடம் தொண்ணூறு தடவை பந்து வந்து, இருபது தடவை போயிருந்தது. இருபது தடவை பறிகொடுத்ததற்குத்தான் அண்ணன் பதினெட்டுச் சரி போட்டிருக்கிறார். பறிகொடுக்கப் பறிகொடுக்க அவளுக்கு மதிப்பெண் ஏறியிருக்கிறது. இதை அவர் என்னிடம் சொன்னபோது சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலை கிளப் மேனேஜரம்மாவிடம் போனோம். கெட்டிக்காரப் பெண், அண்ணனைவிடப் பதினைந்து வயது சின்னவர். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. என் பட்டியல் தப்பு மேடம், இந்த வருஷம் மட்டும் இல்லை, ஒன்பது வருஷமும் ஒரு பக்கம் கோணல் என்று சொல்லி, பழைய நோட்டுகளையும் மேசையில் வைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரியின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மேனேஜரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நான் மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து பட்டியலை இரண்டு பேர் சேர்ந்து போடட்டும் என்றார். நானே அதை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார் அண்ணன். இந்த வருஷத்துக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, பூனையைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கட்டில் பதினைந்துதான் என்றார் மேனேஜரம்மா.

"ஒருத்தியை ஏத்தணும்னா ஒருத்தியை இறக்கணும் சார். யாருன்னு நீங்கதான் சொல்லணும். அவகிட்டயும் நீங்கதான் போய்ச் சொல்லணும்."

விடுதி கிளப்புக்குப் பின் தெருவில். நடந்து போகும்போது அண்ணன் இரண்டு தடவை நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கெட்ட செய்தி சொன்னவர்தான். கொடுத்ததைத் திரும்ப வாங்கப் போவது இதுதான் முதல் தடவை.

பட்டாசு அவள் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டிக்குக்குப் புதுத் துணிநாடா சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு நாளில் அந்தக் கட்டிலை வீடாக்கியிருந்தாள். தலைமாட்டில் அவள் அம்மாவும் தம்பியும் இருக்கிற படம், கால்மாட்டில் துணி உலர்த்தக் கயிறு, சுவரில் பதினைந்து என்று பெரிதாக எழுதி ஒரு காகிதம். அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் எங்களைப் பார்த்து வெளியே போனார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். தான் எப்படி எண்ணினார், அதில் என்ன கோணல், யாரைப் பார்க்காமல் விட்டார், எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அவள் இப்போது பதினாறு என்றார்.

அவள் சுற்றிக்கொண்டிருந்த நாடாவைச் சுற்றி முடித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழமை இதே மாதிரி எதுக்க உக்காந்துதான சார் பதினஞ்சுன்னீங்க?"

"ஆமாம்மா."

"எங்கம்மா தெருவுக்கே சொல்லிட்டாங்க."

"தெரியும்மா."

"தப்பு யாருது?"

"என்னுதுதான்."

"அப்ப கட்டில் மட்டும் ஏன் சார் என்னுது போகுது?"

நான் கொண்டுபோன துண்டை நீட்டினேன், அவள் வாங்கவில்லை. கோபத்தில் இருந்த பெண்ணுக்குத் துண்டு நீட்டியது என் முட்டாள்தனம். அவள் எழுந்து சுவரிலிருந்த காகிதத்தைக் கிழியாமல் நிதானமாகப் பிரித்தாள். நாலாக மடித்து அண்ணன் கையில் வைத்தாள். கத்தியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

வரும் வழியில் பூனையையும் பார்த்தோம். மாடி ஹாலில் பாய்களைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இடம் உண்டு என்று அண்ணன் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது, நிஜம். அடுத்த நொடியே யாரை இறக்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னதும் அந்த மலர்ச்சி போய்விட்டது. அவ நல்லா ஓடி வருவா சார் என்றாள். மூன்று மாதத்தில் இன்னொருத்தியைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்த அண்ணன் நேரே அறைக்குப் போனார். பிறகு டங்கென்று ஒரு சத்தம், இன்னொரு சத்தம். நானும் அண்ணியும் ஓடிப்போய்ப் பார்த்தால், மெத்தையைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, தன்னுடைய ஒற்றைக் கட்டிலின் காலைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு வாங்கின இரண்டு ஒற்றைக் கட்டிலை, அண்ணிக்கு முட்டிவலி வந்ததிலிருந்து தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"என்ன பண்றீங்க?"

"அந்தப் பொண்ணு கேட்டது சரி. போக வேண்டியது என்னுது."

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்தாறு நிமிஷம் ஆடின மனுஷனுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்றார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மற்ற காலின் திருகைப் பிடித்தார். அது இடது பக்கம் திருகணும், இத்தனை வருஷம் படுத்தும் தெரியவில்லையே என்றும் சொன்னார். நான் சும்மா நின்றேன். கடவுளே, இந்த இரண்டு பேரையும் இப்படியே வைத்திரு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் முதலில் மேனேஜரம்மாவிடம் போய், பதினாறாவது கட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கிளப்பால் வாங்கித் தர முடியாது என்றார் அவர். வாங்க வேண்டாம், வாசலில் வண்டியில் இருக்கிறது என்றார் இவர். மேனேஜரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காய்கறிக்காரரின் தள்ளுவண்டியில் கட்டில் பலகை, கால்கள், மெத்தை, மெத்தைக்கு மேலே வெயிலுக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு அண்ணி. மேனேஜரம்மா எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சிக்குப் பதினாறு பேர் வந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். சாப்பாட்டுக்குச் சமையல்காரம்மாவைக் கேளுங்கள் என்றார். இடத்துக்கு நீங்களே வழி பாருங்கள், எந்த அறையிலும் நாலாவது கட்டில் நுழையாது என்றார்.

நுழையத்தான் இல்லை. மூன்று அறையில் அளந்து பார்த்தோம். நாலாவது அறையில் ஒரு பழைய பீரோ நின்றது. உள்ளே உடைந்த ஸ்டிக்குகள், பல வருஷத்துச் சாமான். அதை எடுத்தால் ஒரு கட்டிலுக்கு மட்டும் இடம் வரும். அந்த அறையின் மூன்று பெண்களும் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். யாரும் கேட்காமலே ஒருத்தி பீரோவைத் திறந்து, உடைந்த ஸ்டிக்குகளைக் கையில் அள்ளி வெளியே கொண்டுபோய் அடுக்க ஆரம்பித்தாள். எப்போது உள்ளே வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பூனைதான். அவள் மூன்றாவது நடை போகும்போது மற்றப் பெண்களும் கூடச் சேர்ந்து பீரோவையே வெளியே நகர்த்தினார்கள்.

சமையல்காரம்மாவை நான் போய்க் கேட்டேன். பதினைந்து பேருக்கு வடிக்கிறவளுக்குப் பதினாறாவது ஆளுக்கு வடிக்கக் கை சுளுக்கிவிடுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பட்டாசு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பை கட்டித் தயாராக அவள் காலடியில் இருந்தது. உள்ளே வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணனும் கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து கால்களை மாட்டி, திருகுகளை இறுக்கி, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து, கட்டில் ஆடுகிறதா என்று பார்த்தார். வியர்வை கொட்டியது. எழுந்து நின்று, அவளிடம் நேராக இல்லை, கட்டிலைப் பார்த்தே பேசினார். நீ பதினாறுதான், அதை மாற்ற முடியாது, மாற்றினால் அது இன்னொரு பொய் என்றார். ஆனால் தப்பு என்னுடையது என்பதால் போகிற கட்டிலும் என்னுடையது, இருக்கிறதும் போகிறதும் உன் இஷ்டம் என்றார்.

அவள் கட்டிலின் நாலு காலையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் கிரீச் என்றது. இன்னொரு தடவை அசைந்து பார்த்தாள். இன்னொரு கிரீச்.

"சத்தம் போடுது சார்."

"ஆமாம்மா. கல்யாணம் ஆனதுலேருந்து போடுது. சுவர்ப் பக்கமா ஒருக்களிச்சுப் படு, போடாது."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பையின் ஜிப்பைத் திறந்து அம்மா தம்பி படத்தை எடுத்தாள், ஆணி எங்கே இருக்கிறது என்று சுவரில் தேடினாள். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் மூச்சு விட்டார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பட்டாசு இன்னும் அண்ணனிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. பெரிய அணிக்கு அவள் போவாளா மாட்டாளா என்பது கடவுளுக்கும் அவள் காலுக்கும் உள்ள விவகாரம். பூனையைப் பெரிய அணியோடு இரண்டு ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். புது வருஷத்துத் தேர்வுக்கு அண்ணனோடு பட்டியல் போட, கிளப் ஒரு நடு ஆட்டக்காரியைத் தந்திருக்கிறது, ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போவதில்லை. அது நல்லது என்கிறார் அண்ணன்.

வீட்டில் அவருக்குப் பாய்தான். வேறு கட்டில் வாங்கலாம் என்றால், அந்தப் பெண் இரண்டு வருஷம் முடிக்கட்டும் என்கிறார். தினமும் காலையில் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று தவணையாகத்தான் நிமிர்கிறார். காப்பியைக் கொடுத்தபடி அண்ணி தினமும் கேட்கிறார்.

"முதுகு வலிக்குதா?"

"இல்ல."

அண்ணி டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"வலிக்குது."

அப்புறம்தான் டம்ளரை விடுவார்.